சராசரிக்குச் சற்று மேல்

வெர்னா குபிசெக்கிடம் "கொஞ்ச நேரத்தில் வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு எவரும் லேசில் நழுவிவிட முடியாது. "கொஞ்சம்னா எவ்வளவு? பத்து நிமிஷமா, அரை மணியா?" என்று கேட்டு நிறுத்திவிடுவார். அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. லிங்கன் நகரில், மாநிலக் காப்பீட்டுத் துறையில், இருபத்தாறு வருடங்களாக அவர் செய்த வேலையே அதுதான்.

மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களுக்கு அரசாங்கம் போடும் விதிகளில் இரண்டாவது பிரிவு எப்போதுமே சொல் விளக்கம். உறுப்பினர் என்றால் யார், மருத்துவர் என்றால் யார், முப்பது நாள் என்றால் ஞாயிற்றுக்கிழமை சேர்த்தியா இல்லையா என்பதெல்லாம் அதில் வரும். மற்ற பிரிவுகளை வக்கீல்கள் எழுதுவார்கள். அவற்றைக் கூட்டத்தில் மூன்று தடவை அடித்துத் திருத்துவார்கள். இரண்டாம் பிரிவில் மட்டும் யாரும் கை வைப்பதில்லை. அது வெர்னாவின் வீட்டுத் தோட்டம் மாதிரி. வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

நான் கர்ட். அவருக்கு அடுத்த மேசை. பொது விசாரணைகளில் யார் என்ன பேசினாலும் பேசியது பேசியபடியே எழுதி எடுப்பது என் வேலை. ஒருவர் இருமினால் 'இருமல்' என்று எழுதுவேன். ஆகையால் இங்கே நான் சொல்லப்போகும் பேச்சில் பெரும்பகுதி என் கைச்சரக்கு அல்ல, பதிவில் இருப்பது.

தொண்ணூற்றேழாம் வருடம் முழுக்க எங்கள் அலுவலகத்தில் ஒரே பேச்சு 'அவசரநிலை' என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான். அந்தக் காலத்துத் திட்டங்களில் எதற்கும் முன் அனுமதி வேண்டும். உங்களுக்கென்று ஒதுக்கிய மருத்துவரைக் கேட்க வேண்டும், அவர் திட்டத்தைக் கேட்க வேண்டும் (திட்டம் என்றால் அதை நடத்தும் கம்பெனி), திட்டம் யோசிக்க வேண்டும். நெஞ்சு வலிக்கிறது என்று ஒருவர் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினால், வந்தது மாரடைப்பாக இருந்தால் பில்லைக் கட்டுவார்கள். வெறும் நெஞ்செரிச்சலாக இருந்தால், "இதற்கா ஓடினாய்?" என்று கையை விரித்துவிடுவார்கள். செத்தால் அவசரம், பிழைத்தால் ஆடம்பரம்.

இதை மாற்றத்தான் புது விதி. டாக்டர் கடைசியில் என்ன கண்டுபிடித்தார் என்று பார்க்கக் கூடாது, போகும்போது அந்த மனிதர் என்ன பயந்தார் என்று பார்க்க வேண்டும். ஆனால் யாருடைய பயம்? சிலர் தும்மலுக்கே உயில் எழுதுவார்கள். சிலர் கால் முறிந்தாலும் களத்துமேட்டை விட்டு வரமாட்டார்கள். வெர்னா மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு ஆளை உருவாக்கினார். 'உடல்நலம் பற்றிச் சராசரி அறிவுடைய விவேகமுள்ள சாமானியர்.' அப்படிப்பட்ட ஒருவர், உடனே சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சும் அளவுக்கு அறிகுறிகள் இருந்தால் அது அவசரநிலை. அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இதை எதிர்த்து வந்தவர் டுவேன் ஆஸ்டர்ஹவுஸ். ஒரு பெரிய திட்டத்தின் வக்கீல். திட்டத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. டுவேன் இன்னும் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறார், வழக்குப் போடத் தெம்பும் இருக்கிறது. நல்ல உயரம், நல்ல சட்டை, நல்ல மரியாதை. விசாரணையில் எழுந்து நின்று கேட்டார்:

"இந்த விவேகமுள்ள சாமானியர் எந்த ஊருங்க? போன் நம்பர் இருந்தா குடுங்க, நாங்களே கேட்டுக்கறோம்."

"டெலிபோன் டைரக்டரியைத் திறங்க. எந்தப் பக்கத்துல விரல் வச்சாலும் அவர்தான்" என்றார் வெர்னா.

"விவேகம் இருக்கான்னு எப்படித் தெரியும்?"

"விரல் வைக்கறப்ப வக்கீலுங்க பக்கத்தை மட்டும் தவிர்த்துடுங்க."

பதிவில் 'சிரிப்பு' என்று எழுதினேன். டுவேனும் சிரித்தார். ஆனால் மறப்பவர் இல்லை.

விதி ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரியில் வெர்னாவின் தேவாலயத்தில் சில்லி போட்டி வந்தது.

எங்கள் பக்கத்தில் குளிர்காலத்தில் மாட்டுக்கறியும் பீன்ஸும் மிளகாயும் போட்டுக் கொதிக்கவைத்த சில்லியை, பட்டைப்பொடி போட்ட இனிப்பு ரொட்டிச் சுருளோடு சேர்த்துச் சாப்பிடுவோம். வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். நஷ்டம் அவர்களுக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு பானை வந்திருந்தது. வெர்னா நடுவர். எல்லா நடுவர்களும் ஒரு கரண்டி சுவைத்து மதிப்பெண் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். வெர்னாவுக்கு ஒரு சங்கடம். போட்டி விதியில் 'மிகச் சிறந்த சில்லி' என்று மட்டும் போட்டிருந்தது. சிறந்த என்றால் காரத்திலா, கெட்டியிலா, கறியிலா? காரத்துக்காக ஒரு சுற்று, கெட்டிக்காக ஒரு சுற்று, கறிக்காக ஒரு சுற்று என்று பதினோரு பானையையும் மூன்று தடவை வலம் வந்தார். இடையில் வாயை மாற்ற ரொட்டிச் சுருள் இரண்டு.

பிற்பகல் மூன்று மணிக்கு, வீட்டில், நாற்காலியிலிருந்து எழப் போனவருக்கு நெஞ்சை யாரோ கயிற்றால் கட்டி இறுக்கியது போல் இருந்தது. இடது கை மரத்தது. வேர்த்துக் கொட்டியது. கீழறையில் பனி வாரும் இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டார்.

கணவர் மைலோ. தானியக் கூட்டுறவுக் கிடங்கில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் இருவருக்கும் காப்பீடு அந்தக் கூட்டுறவு வழியாகத்தான். திட்டம் எதுவென்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

மேலே வந்த மைலோ மனைவியின் முகத்தைப் பார்த்தார். பணப்பையிலிருந்து காப்பீட்டு அட்டையை எடுத்தார்.

"இதுல ஒரு நம்பர் போட்டிருக்கு. முதல்ல போன் பண்ணணும்னு எழுதியிருக்கு வெர்னா."

"அது பழைய கார்டு. இப்ப இரண்டாம் பிரிவு வந்தாச்சு. அனுமதி தேவையில்ல."

"அது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியலேன்னா தெரிஞ்சுக்கட்டும். வண்டியை எடு."

வண்டியில் போகும்போது முழுவதும் தான் பேசிக்கொண்டே போனதாக வெர்னா பிற்பாடு என்னிடம் சொன்னார். "'கடுமையான அறிகுறி'ன்னு எழுதினோமே கர்ட், அது எனக்குப் பொருந்துதா, இல்ல 'மிதமான'துல வருதான்னு யோசிச்சுக்கிட்டே போனேன். மைலோகிட்ட விளக்கிக்கிட்டே போனேன். அவன்தான் காதுல வாங்கல."

ஆஸ்பத்திரியில் மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். ரத்தம் எடுத்தார்கள். மறுபடியும் எடுத்தார்கள். இதயம் இருபது வயதுப் பெண்ணுடையது போல ஓடிக்கொண்டிருந்தது. மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். வெர்னா வரிசையாகச் சொன்னார். எட்டாவது பானையில் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வந்ததும் ஆஸ்பத்திரிச் சீட்டை என் மேசையில் வைத்தார்.

"பாரு. 'வாயு'ன்னு எழுதியிருக்கான். ஒரே வார்த்தை. விளக்கமே இல்ல."

"வேற என்ன எழுதணும்கறீங்க?"

"குறைஞ்சபட்சம் 'கடுமையான'ன்னு சேர்த்திருக்கலாம்."

மூன்று வாரம் கழித்துத் திட்டத்திடமிருந்து கடிதம் வந்தது. தலைப்பு 'பாதகமான தீர்மானம்'. இல்லை என்று சொல்வதற்கு விதியில் உள்ள பெயர் அது. அந்தப் பெயரையும் அதற்கான விளக்கத்தையும் எழுதியவர் வெர்னாவேதான். இறுதியில் கண்டறியப்பட்டது வாயுத் தொல்லை, எனவே அவசரநிலை அல்ல, பில்லைக் கட்ட முடியாது என்று இருந்தது.

இருபத்தாறு வருடத்தில் வெர்னா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. கடிதத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, பிறந்தநாள் வாழ்த்து மாதிரி அலுவலகம் முழுவதும் காட்டினார்.

"எது கூடாதுன்னு எழுதினோமோ அதையே பண்ணியிருக்காங்க! அச்சு அசலா அதையே! மாட்டினாங்க!"

முறைப்படி குறை மனு போட்டார். அதில் அடிக்குறிப்பே ஒன்பது. இரண்டாம் கட்டத்தில் கோப்பு டுவேன் ஆஸ்டர்ஹவுஸின் மேசைக்குப் போனது. மனுதாரர் பெயரைப் பார்த்ததும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன். பழைய காரணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டே வரியில் புதுக் காரணம் எழுதினார். 'விதி சாமானியருக்கானது. உறுப்பினர் சாமானியர் அல்ல. அந்த விதியை எழுதியவரே அவர்தான்.'

அதைப் படித்த வெர்னாவின் முகம் சிவந்தது. கோபம்தான். ஆனால் பக்கத்து மேசைக்காரனுக்கு இன்னொன்றும் தெரிந்தது. உதட்டோரத்தில் ஒரு சின்னப் பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வரியை அவர் இரண்டு தடவை படித்தார்.

"இதுல ஒரு சிக்கல் இருக்கு வெர்னா" என்றேன். "ஜெயிக்கணும்னா, 'நான் சராசரி'ன்னு நீங்க சத்தியம் பண்ணிச் சொல்லணும்."

"சொன்னா போச்சு. அதுல என்ன?"

"எங்க, ஒரு தடவை சொல்லிப் பாருங்க."

"என் மருத்துவ அறிவு…" என்று ஆரம்பித்தார். தொண்டையைக் கனைத்தார். "என் மருத்துவ அறிவு வந்து… காபி ஆறிடும், போய் எடுத்துட்டு வரேன்" என்று எழுந்து போய்விட்டார்.

இதற்கு மேல்முறையீடு எங்கள் துறையிடம்தான். ஆனால் எங்கள் துறை ஊழியரின் வழக்கை எங்கள் துறையே விசாரிப்பது அழகல்ல என்பதால் வெளியிலிருந்து ஒருவரை அமர்த்தினார்கள். ஆல்மீடா லிண்ட்குவிஸ்ட், கேர்னியில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். காதில் கருவி வைத்திருப்பார். வக்கீல்கள் நீட்டி முழக்கினால் மெதுவாகக் கையைக் கொண்டுபோய் அதைத் திருகிக் குறைத்துவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. பதிவெழுத மட்டும் வேறு ஆள் கிடைக்கவில்லை, இருதரப்பாரும் சம்மதித்தார்கள், நானே உட்கார்ந்தேன்.

மார்ச் மாதக் கடைசி, காலை பத்து மணி. வெர்னா நீல நிறக் கோட்டும் முத்துமாலையுமாக வந்திருந்தார். மைலோவைக் குளிர்க்கோட்டுகளோடு வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்தார்.

டுவேன் மிக மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"அம்மா, அன்னைக்கு எத்தனை கிண்ணம் சில்லி சாப்பிட்டீங்க?"

"கிண்ணம்னா எந்த அளவு?"

"நீங்களே சொல்லுங்க."

"நான் சாப்பிடல. சுவைச்சேன். முப்பத்துமூணு தடவை."

"முப்பத்துமூணு தடவை சுவைக்கறது விவேகமுள்ளவங்க செய்யற காரியமா?"

"விவேகம் ஆஸ்பத்திரிக்குப் போற முடிவுக்குத்தான் வேணும். சாப்பாட்டுக்கு வேணும்னு விதியில எழுதல."

ஆல்மீடா அம்மையார் கருவியைத் திருகி ஒலியைக் கூட்டிக்கொண்டார். எனக்கு நம்பிக்கை பிறந்தது.

"முதலுதவிப் பயிற்சி எடுத்திருக்கீங்க, இல்லையா?"

"நாலு தடவை."

"நாலு தடவை எதுக்கு?"

"கையேட்டுல பிழை இருந்துச்சு. மறுபதிப்பு வரும்போதெல்லாம் திருத்திட்டாங்களான்னு பார்க்கப் போனேன்."

"மருத்துவ அகராதி வீட்டுல இருக்கா?"

"மூணு பதிப்பு இருக்கு."

டுவேன் கையிலிருந்த காகிதங்களை மேசையில் வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கடைசியா ஒரே ஒரு கேள்விம்மா. நீங்க சத்தியப் பிரமாணம் எடுத்திருக்கீங்க. உடல்நலம் பத்தின உங்க அறிவு சராசரிதானா?"

வெர்னா என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். 'மௌனம்' என்று எழுதினேன். 'ஆம்' என்று ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

"சராசரிக்குச் சற்று மேல்னு சொல்லலாம்" என்றார் வெர்னா.

"எவ்வளவு மேல?"

"…நல்லாவே மேல."

டுவேன் தலையைத் தாழ்த்தி நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒரு மனிதர் அவ்வளவு பணிவாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வெர்னா கைகளை மடியில் கோத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். தோற்றுவிட்டோம் என்று அவருக்குத் தெரியும். பொய் சொல்லவில்லை என்ற திருப்தியும் இருந்தது. இரண்டும் சேர்ந்து அவர் முகம் கழுத்து வரை சிவந்திருந்தது.

ஆல்மீடா அம்மையார் கோப்பைப் புரட்டினார். "அன்னைக்கு உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது யாரு?"

"என் கணவர். வெளியில கோட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கார். அவருக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க."

"ஒண்ணும் தெரியாதவரைத்தான் காலையிலேருந்து தேடிக்கிட்டிருக்கோம். வரச் சொல்லுங்க."

மைலோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு கையில் மனைவியின் கோட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சத்தியம் செய்ய எந்தக் கையைத் தூக்குவது என்று தடுமாறி, கோட்டோடு சேர்த்தே தூக்கினார்.

"குபிசெக் ஐயா, உங்க மனைவி ஒரு சாமானியரா?"

"இவளா?" மைலோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்லீங்கம்மா. 'சீக்கிரம் புல்லு வெட்டறேன்'னு ஒரு தடவை சொல்லிட்டேன். சீக்கிரம்னா எத்தனை நாள்னு எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டா. கையெழுத்து வேற வாங்கிக்கிட்டா."

டுவேன் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டார். வெர்னா கூரையைப் பார்த்தார்.

"சரி, அன்னைக்கு என்ன நடந்துச்சு? நீங்க பார்த்ததை மட்டும் சொல்லுங்க."

"போன் பண்ணலாம்னு சொன்னதே நான்தாங்க. கார்டுல அப்படித்தானே போட்டிருக்கு. வேண்டாம்னுட்டா. வண்டியில ஏறினதுலேருந்து சட்டம் பேசிக்கிட்டே வந்தா. கடுமைங்கறா, மிதம்ங்கறா. எனக்குப் பெருசா பயம் இல்ல. இவ்வளவு பேசறாளே, அப்ப நல்லாத்தான் இருக்கான்னு நினைச்சேன். 'ஓ'ங்கற தெருவுல, இருபத்தேழாவது தெரு சந்திப்புல சிவப்பு விளக்கு விழுந்து நின்னோம். 'மைலோ, அறிகுறி என்பது'ன்னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லல."

"மயங்கிட்டாங்களா?"

"இல்லீங்க. கண்ணு திறந்துதான் இருந்துச்சு. என் கையைப் பிடிச்சுக்கிட்டா. பேசல." மைலோ தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கல்யாணம் ஆகி முப்பத்துநாலு வருஷம். இவ ஒரு வாக்கியத்தைப் பாதியில விட்டு நான் பார்த்ததே இல்ல. தூக்கத்துல பேசினாக்கூட முடிச்சிட்டுத்தான் விடுவா. நான் ட்ராக்டர் பார்க்கறவனுங்க. என்ஜின் தடதடன்னு கத்துச்சுன்னா பயப்பட மாட்டேன், ஏதோ ஒண்ணு லூஸா இருக்கும், முடுக்கிடலாம். சத்தம் நின்னு போச்சுன்னாத்தான் பயப்படுவேன். சிவப்பு இருந்துச்சு. காத்திருக்கல, போயிட்டேன். அடுத்ததும் சிவப்பு. அதையும் தாண்டிட்டேன். ஆஸ்பத்திரி வாசல்ல வண்டியை எங்க விட்டேன்னே தெரியல. அப்புறம் பார்த்தா பூச்செடி மேல நிக்குது."

அறையில் யாரும் சிரிக்கவில்லை.

"நான் பேசிக்கிட்டேதான் வந்தேன்" என்றார் வெர்னா, தன் இடத்திலிருந்து, சின்னக் குரலில்.

"இல்ல வெர்னா. பேசல."

"முழுசும் விளக்கினேனே…"

"மனசுக்குள்ள விளக்கியிருப்பே. என் காதுக்கு வரல."

"அம்மா, உங்க முறை முடிஞ்சுபோச்சு" என்றார் ஆல்மீடா அம்மையார். ஆனால் அதட்டலாகச் சொல்லவில்லை.

டுவேன் எழுந்தார். எழ வேண்டுமே என்பதற்காக எழுந்தது போலிருந்தது. "ஐயா, உங்களுக்கு மருத்துவப் பயிற்சி ஏதாவது உண்டா?"

"பசு கன்னு போடறதைப் பார்த்திருக்கேன். பிடிச்சு இழுத்தும் இருக்கேன்."

"ரெண்டு சிவப்பு விளக்கைத் தாண்டினது விவேகமா?"

மைலோ கொஞ்சம் யோசித்தார். "இல்லீங்க. ஆனா ரெண்டு பக்கமும் பார்த்தேன்."

டுவேன் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் மனைவி உண்டு. நான் எழுதாமல் விட்டது அன்றைக்கு ஒன்றே ஒன்று. வெளியே போகும்போது வெர்னா, மைலோவின் கையிலிருந்து கோட்டை வாங்காமல், கோட்டோடு சேர்த்து அவர் கையையும் பிடித்துக்கொண்டு போனார்.

பத்து நாளில் தீர்ப்பு வந்தது. இரண்டே பக்கம். அஞ்ச வேண்டிய சாமானியர் நோயாளியேதான் என்று விதியில் எங்கும் சொல்லவில்லை. சம்பவ இடத்தில் சராசரி அறிவுள்ள ஒருவர் இருந்தார், அவர் நியாயமாகவே அஞ்சினார், அவர் பெயர் மைலோ குபிசெக். திட்டம் பில்லைக் கட்ட வேண்டும். கடைசியில் ஒரு பத்தி: 'தமது அறிவின் அளவு குறித்துத் திருமதி குபிசெக் அளித்த சாட்சியம் முழுமையாக ஏற்கப்படுகிறது.'

நாங்கள் கேக் வாங்கி வந்தோம். வெர்னா ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் மூன்று நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தார். கேக் அவர் மேசையிலேயே காய்ந்தது.

"ஜெயிச்சாச்சே, இன்னும் என்ன?" என்றேன்.

"ஓட்டை வழியா ஜெயிச்சிருக்கேன் கர்ட். என் பிரிவுல, என் வாக்கியத்துல, எனக்கே தெரியாத ஓட்டை. நோயாளி தன்னைத்தானே பார்த்துப் பயப்படுவான்னு நினைச்சு எழுதிட்டேன். நெஞ்சு வலிக்கறவனுக்கு அது எங்க தெரியுது? எனக்கே தெரியலையே. நான் பேசலைங்கறதுகூடத் தெரியல." காய்ந்த கேக்கை ஓரமாக நகர்த்திவிட்டுச் சொன்னார்: "பக்கத்துல இருக்கறவங்களுக்குத்தான் தெரியுது."

மே மாதம் திருத்தத்துக்கான பொது விசாரணை வைத்தார்கள். மைலோ முதல்முறையாக மனைவியின் அலுவலகத்துக்கு விருப்பப்பட்டு வந்தார். வில்பர் என்ற ஊரிலிருந்து வாங்கிய கசகசா பன்கள் ஒரு பை நிறைய. கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, தனக்கு முன்னால் இருந்த டுவேனுக்கு ஒன்று நீட்டினார். டுவேன் வாங்கிச் சாப்பிட்டார்.

"ஐயா, உங்களை மாதிரி ஒரு சாட்சி எனக்குக் கிடைச்சா போதும்" என்றார் வாயைத் துடைத்தபடி.

"எனக்குக் கட்டுப்படியாகாது தம்பி. ரெண்டு சிக்னலுக்கும் அபராதச் சீட்டு வீடு தேடி வந்துடுச்சு."

வெர்னா எழுந்து புது வாக்கியத்தை வாசித்தார். 'உறுப்பினரோ, அல்லது உறுப்பினரின் உடனிருந்து அவரது நிலையை நேரில் அவதானிக்கும் வாய்ப்புப் பெற்ற, உடல்நலம் பற்றிச் சராசரி அறிவுடைய விவேகமுள்ள சாமானியர் எவரேனுமோ' என்று கிளம்பி, மூச்சு விடாமல் ஐம்பத்தெட்டுச் சொற்கள் போய் ஒரு முற்றுப்புள்ளியில் வந்து நின்றது. விசாரணைக் குழுத் தலைவர், கருத்துச் சொல்ல யாராவது உண்டா என்று கேட்டார்.

"புரியல" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

வெர்னா கண்ணாடியை இறக்கினார். "எது புரியல மைலோ?"

"ஆரம்பம் புரிஞ்சுது. அப்புறம் புரியல."

"அதாவது, உன் பக்கத்துல இருக்கறவங்க, நீ செத்துடுவியோன்னு பயந்தா போதும். யாரையும் கேக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகலாம். திட்டம் பணம் கட்டணும்."

"இது புரியுது. இதையே எழுதிட வேண்டியதுதானே?"

"சட்டத்துல 'செத்துடுவியோ'ன்னெல்லாம் எழுத முடியாது."

"ஏன்? சட்டத்துல யாரும் சாகறதில்லையா?"

தலைவர் வாயைப் பொத்திக்கொண்டார். வெர்னா பதில் சொல்ல வாயெடுத்து, கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு நின்றபடியே பென்சிலை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். 'அவதானிக்கும் வாய்ப்புப் பெற்ற' போனது. 'எவரேனுமோ' போனது. இரண்டாம் பிரிவில் வெர்னா தன் சொற்களைத் தானே பொதுவில் வெட்டியதை அன்றுதான் பார்த்தேன். அறை முழுவதும் காத்திருந்தது. முடிவில் இருபத்தொரு சொற்கள் மிஞ்சின. வாசித்தார். மைலோ தலையாட்டினார். தலைவர் ஓட்டுக்கு விட்டார். எதிர்ப்பு இல்லை.

சாயங்காலம் பதிவைச் சுத்தமாக எழுதி வெர்னாவிடம் காட்டினேன். 'கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்' என்று போட்டிருந்ததை அடித்துவிட்டு, முழுப் பெயரை எழுதினார். பிறகு வருகைத் தாளைச் சரிபார்த்தோம். அதில் 'யார் சார்பாக வந்துள்ளீர்கள்' என்று ஒரு கட்டம் உண்டு. மற்றவர்கள் கம்பெனி பெயர், சங்கத்தின் பெயர் என்று பெரிது பெரிதாக நிரப்பியிருந்தார்கள். மைலோ தன் பெயருக்கு நேராக 'சும்மா' என்று எழுதியிருந்தார்.